பொருத்துத் தகரக் கொட்டில்: அத்திவாரமே பாதி வேலை

கமத்தொழிலுக்கு வேண்டிய கருவிகள் பெருகிவிட்டன. முன்னாளில் மண்வெட்டி, அலவாங்கு, கத்தி, கலப்பை என்பவற்றோடு முடிந்த பட்டியலில் இன்று நீர்ப்பம்பி, அதன் குழாய்கள், மருந்து தெளிகருவி, இரு சில்லு உழவு இயந்திரத்தின் உறுப்புகள், பசளை மூட்டைகள் ஆகியனவும் சேர்ந்துள்ளன. பல வீடுகளில் இவை விறாந்தையிலும் அடுக்களைப் பின்புறத்திலும் மரத்தடியிலும் கிடக்கின்றன. கருவிகள் மழையில் நனைந்து துருப்பிடிக்கின்றன. சில களவு போகின்றன. நஞ்சுப் போத்தல்கள் குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. ஆகவே, பூட்டி வைக்கத்தக்க ஒரு கொட்டில் தோட்டத்துக்கு வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

இத்தேவைக்கென நாகமுலாம் பூசிய மெல்லிய இரும்புத் தகடுகளால் தொழிற்சாலையிலேயே ஆயத்தஞ் செய்யப்பட்டு, துளைகளும் இடப்பட்டு, ஒரே கட்டாக விற்கப்படும் பொருத்துக் கொட்டில்கள் உள்ளன. கட்டைப் பிரித்துத் திருகாணிகளால் பொருத்தினால் ஒரு பகலில் கொட்டில் எழுந்துவிடும் என விற்போர் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. எனினும் அது முழுமையான உண்மையன்று. இக்கொட்டில் கமக்காரருக்கு உகந்ததே. ஆனால் அதன் விலையோடு அத்திவாரத்துக்கும் பிணைப்புக்கும் வேண்டிய செலவையும் சேர்த்துக் கணக்கிட இயலாதவர் அதனை வாங்காதிருத்தலே நன்று. அன்றியும், கருவிகளுக்கு உகந்த அக்கொட்டில் விதைநெல்லுக்கு உகந்ததன்று. இவ்விரு கருத்துகளையும் கமக்காரர் வாங்குமுன்னரே சிந்தித்தல் வேண்டும்.

தகட்டின் வலிமை எங்குள்ளது?

தகரக் கொட்டில் புதுமையான பொருளன்று. இரும்புத் தகட்டை நெளித்து உறுதியாக்கும் முறைக்கு 1829ஆம் ஆண்டில் ஹென்றி பாமர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் ஆக்கவுரிமை பெற்றார். இரும்பை உருகிய நாகத்தில் தோய்த்துத் துருவினின்றும் காக்கும் முறைக்கு 1837ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஸ்தனிஸ்லாஸ் சொறெல் என்பவர் உரிமை பெற்றார். 1916ஆம் ஆண்டில், முதலாம் உலகப் போரின்போது, பிரித்தானியப் படையின் பொறியியல் அதிகாரியான பீற்றர் நிசன் ஆறு பேர் நான்கு மணித்தியாலத்தில் எழுப்பத்தக்க தகரக் குடில் ஒன்றை அமைத்தார். இன்றைய பொருத்துக் கொட்டில் இவ்வழியில் வந்ததே.

கட்டைப் பிரித்தவுடன் கமக்காரர் காண்பது அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புடைய தகடுகளையே. ஒரு தகட்டைத் தனியே தூக்கினால் அது கையில் ஓலைபோல் வளையும். இதனைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக எண்ணுதல் வேண்டாம். ஒவ்வொரு தகடும் தன் அயற்றகட்டோடும், அடிச்சட்டத்தோடும், கூரைச் சட்டத்தோடும் பிணைந்த பின்னரே கொட்டிலுக்கு உறுதி பிறக்கின்றது. ஒரு திருகாணி குறைந்தாலும் அவ்விடத்தில் அவ்வுறுதி குறையும். அவ்வாறே, முழுப்பெட்டியும் நிலத்தோடு பிணைக்கப்படாதவிடத்து, எவ்வளவு சீராகப் பொருத்தப்பட்ட கொட்டிலும் காற்றுக்கு ஒரு வெறும் பெட்டியே ஆகும்.

காற்றின் கணக்கு

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, தன்னை எதிர்த்து நிற்கும் பரப்பின் ஒவ்வொரு சதுர மீற்றர் மீதும் ஏறத்தாழ 48 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பான விசையைச் செலுத்தும். 8 அடி நீளமும் 6 அடி உயரமும் உடைய ஒரு சுவரின் பரப்பு ஏறத்தாழ நாலரைச் சதுர மீற்றராகும். ஆகவே அச்சுவரை 200 கிலோகிராமுக்கு மேற்பட்ட விசை தள்ளுகின்றது. இவ்வளவினதான கொட்டில் முழுவதன் நிறையோ பொதுவாக 100 கிலோகிராமுக்குக் குறைவு. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் மறத்தலாகாது. கூரையின் மேலாகப் பாயும் காற்று அதனை மேல்நோக்கி இழுப்பதும் இதனோடு சேரும்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளி மட்டக்களப்புப் பகுதியில் கூரைகளைப் பிடுங்கியெறிந்து தென்னந்தோட்டங்களை வீழ்த்தியது. 2020ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத் தொடக்கத்தில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் அண்மையில் கரையைக் கடந்தது. கீழைக்கரையிலும் வன்னியிலும் கமஞ்செய்வோர்க்கு இவை அரிய நிகழ்ச்சிகளல்ல. பிணைக்கப்படாத கொட்டில் புயலில் பறந்துபோனால் உரியவர்க்கு வரும் நட்டம் பணத்தோடு முடியும். ஆனால் கூரிய விளிம்புடைய அத்தகடுகள் அயலார் வீட்டையோ வழிச்செல்வோரையோ தாக்கினால் அந்நட்டத்தை ஈடுசெய்ய எவராலும் இயலாது. அத்திவாரத்தைச் சிக்கனத்துக்குரிய இடமாகக் கொள்ளலாகாது என்பதற்கு முதற்காரணம் இதுவாகும்.

தளம் அமைத்தல்

தளத்துக்குரிய இடம் மழைநீர் தேங்காத மேட்டுநிலமாக இருத்தல் வேண்டும். தென்னை, பனை முதலிய மரங்களின் கீழ்க் கொட்டில் அமைத்தல் தகாது; விழும் காயும் மட்டையும் மெல்லிய கூரையை நெளித்துவிடும். நெற்காணியில் அமைக்க எண்ணுவோர், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவதும் அதில் கட்டடம் எழுப்புவதும் தடுக்கப்பட்டுள்ளமையை நினைவிற் கொண்டு, தம் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் முன்னரே விசாரித்தல் நன்று.

8 அடிக்கு 6 அடியான கொட்டிலுக்கு, சுற்றிலும் மூன்று அங்குலம் கூடுதலாக விட்டு, எட்டரை அடிக்கு ஆறரை அடியாக, நான்கு அங்குலத் தடிப்பில் கொங்கிறீற்றுத் தளம் இடல் போதுமானது. ஒரு பங்கு சீமெந்து, இரு பங்கு மணல், நான்கு பங்கு கல் என்னும் விகிதத்தில் இதற்கு 50 கிலோகிராம் சீமெந்து மூட்டை நான்கு வேண்டும். கடல் மணலைக் கழுவாது சேர்த்தலாகாது. அதிலுள்ள உப்பு பிணைப்பாணிகளையும் அடிச்சட்டத்தையும் துருவேற்றும். நன்கு இடித்து இறுக்கிய நிலத்தின்மேல் தடித்த பொலித்தீன் விரித்து, அதன்மேற் கொங்கிறீற்று இடின் நிலத்தின் ஈரம் மேலேறாது. தளத்தின் நடுப்பகுதி மட்டமாகவும், சுவருக்கு வெளியே எஞ்சும் ஓரம் புறநோக்கிச் சற்றே சரிவாகவும் இருத்தல் வேண்டும். ஓரம் சரியாதவிடத்துச் சுவரில் வழியும் மழைநீர் அடிச்சட்டத்தின் கீழ் உட்புகும். தளத்தை ஒரு வாரம் நனைத்து வைத்த பின்னரே பிணைப்பாணிக்குத் துளையிடல் வேண்டும்.

முழுத்தளம் இடுவதற்கு வசதியற்றவர், நான்கு மூலைகளிலும் நீண்ட பக்கங்களின் நடுவிலும் ஒன்றரை அடி ஆழக் குழிகள் தோண்டி, கொங்கிறீற்று நிரப்பி, அது இறுகுமுன் வளைந்த இரும்பாணிகளை நட்டு, அவற்றோடு அடிச்சட்டத்தைப் பிணைக்கலாம். தரையைச் செங்கல்லோ சல்லியோ இட்டு உயர்த்திக் கொள்ளலாம். இது முழுத்தளத்துக்கு ஈடாகாதெனினும், கொட்டிலை வெறுநிலத்தில் வைத்துக் கல்லேற்றி விடுவதிலும் பன்மடங்கு சிறந்தது. கல்லேற்றிய கொட்டில் சாதாரண நாளில் அசையாது நிற்கும். அதனைக் கொண்டு அது புயலிலும் நிற்கும் என எண்ணுதல் தவறு.

பொருத்தும் முறை

பொருத்துதலில் நேரும் குறைகளுட் பெரும்பாலானவை அவசரத்தால் விளைவன. முதலாவதாக, கட்டிலுள்ள உறுப்புகள் அனைத்தையும் விரித்து, உடன்வந்த பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிடல் வேண்டும். குறையுள்ளதைப் பாதி வேலையில் அறிவதிலும் முன்னரே அறிந்து விற்றவரிடம் கேட்பது எளிது. தகடுகளின் விளிம்பு கத்திபோற் கூரியது. ஆதலால் தடித்த கையுறை அணியாது எவரும் அவற்றைத் தொடலாகாது.

இரண்டாவதாக, அடிச்சட்டம் செங்கோணமாக உள்ளதோ என்பதைச் சோதித்தல் வேண்டும். நான்கு பக்கங்களின் நீளம் சரியாயிருந்தும் சட்டம் சாய்ந்திருக்கக் கூடும். ஒரு மூலையினின்று எதிர் மூலைவரை அளந்து, பின் மற்ற இரு மூலைகளுக்கும் இடையே அளந்தால், இரண்டும் சமமாக இருத்தல் வேண்டும். 8 அடிக்கு 6 அடியான சட்டத்தில் இவ்வளவு சரியாக 10 அடியாகும். கடையிற் சொல்லும் அளவும் சட்டத்தின் அளவும் சிறிது வேறுபடலாம். ஆதலால் இரு மூலைவிட்டங்களும் தம்முள் சமமாதலே முக்கியமாகும். அரை அங்குலப் பிழை தளத்தில் அற்பமாகத் தோன்றும். சுவரெழுந்து கூரை வைக்கும் வேளையில் அதுவே துளையோடு துளை பொருந்தாமைக்குக் காரணமாகும். கதவும் தடத்தில் ஓடாது. அந்நிலையில் தகட்டை இழுத்து வளைத்தும் புதிய துளையிட்டும் சமாளிப்பவர் பிற்காலத்து மழையொழுக்குக்கும் துருவுக்கும் அன்றே வழி திறந்து விடுகின்றார்.

மூன்றாவதாக, மூலைத் தகடுகளை முதலில் நிறுத்தி, அவற்றினின்று பக்கத் தகடுகளைத் தொடர்தல் வேண்டும். சுவர்களும் கூரைச் சட்டங்களும் முழுமையாகச் சேரும்வரை திருகாணிகளை இறுக்காது சற்றுத் தளர்வாக விட்டு, மூலைவிட்டங்களை மீண்டும் ஒருமுறை அளந்து சரிபார்த்த பின்னரே இறுக்குதல் வேண்டும். கூரைத் திருகாணி ஒவ்வொன்றின் கீழும் உடன்வந்த றப்பர் அல்லது பிளாஸ்ரிக்கு வளையத்தை இடத் தவறலாகாது. அவ்வளையம் நசுங்கும்படி மிகையாக இறுக்குதலும் தவறே. துளையிட்டால் உதிரும் இரும்புத் தூளை அன்றன்றே துடைத்தல் வேண்டும். கூரையில் எஞ்சும் தூள் மழையில் நனைந்து துருவின் வித்தாக அமையும்.

நான்காவதாக, நாளைத் தெரிவுசெய்தல் வேண்டும். பாதி எழுந்த கொட்டில் விரித்த பாயைப்போற் காற்றை ஏந்தும். சோளகம் வீசும் மாதங்களில் வடக்கிலும் கிழக்கிலும் இவ்வேலையைத் தொடங்குதல் தகாது. பெரும்போக அறுவடைக்குப் பின்னர், மார்ச்சு, ஏப்ரில் மாதங்களின் காற்றடங்கிய காலைவேளை பெரும்பாலும் உகந்தது. பிற்பகலில் இடிமழை வருமாதலால் விடிந்தவுடன் தொடங்குதல் நன்று. இருவர் மூவர் கூடிச் செய்தாலே தகடுகளைப் பிடிக்கவும் முறுக்கவும் இயலும். தொடங்கிய வேலையைக் கூரையேற்றித் தளத்தோடு பிணைக்கும்வரை அன்றே முடித்தல் வேண்டும்.

விதைநெல்லை ஏன் வைத்தலாகாது?

பூட்டும் கதவும் எலி புகாத சுவரும் கண்ட கமக்காரர் விதைநெல்லையும் இதனுள் அடுக்க விரும்புவர். இவ்விருப்பத்தைத் தடுத்தல் அவசியம். பெரும்போகத்தில் அறுத்த விதை பங்குனியிலிருந்து ஐப்பசி வரை, ஆண்டின் வெப்பமான மாதங்களைக் கடந்து, அடுத்த விதைப்புக்குக் காத்திருக்கின்றது. மெல்லிய தகடு பகலில் வெயிலை அப்படியே உள்ளே விடும். நண்பகலில் கொட்டிலின் அகம் வெளிநிழலைவிட மிகவும் சூடாகும். இரவில் அதே தகடு வெளிக்காற்றைவிடக் குளிர்ந்து, விடியற்காலையில் கூரையின் உட்புறத்தில் நீர் முத்துமுத்தாகத் திரண்டு கீழே சொட்டும். மாரிகாலத்திலும், வெலிமடை, நுவரெலியா போன்ற குளிர்ப் பிரதேசங்களிலும் இது கூடுதலாக நிகழும்.

விதைகளின் ஆயுளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹாரிங்டன் என்னும் அறிஞர் வகுத்த விதி விதைத்தொழிலில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. விதையின் ஈரப்பதன் நூற்றுக்கு ஒன்று குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். களஞ்சிய வெப்பம் 5 பாகை செல்சியசு குறையுந்தோறும் அவ்வாறே இரட்டிக்கும் என்பது அவ்விதி. இதனை மறுபுறமாக நோக்கின், வெப்பம் 10 பாகை கூடிய இடத்தில் விதையின் ஆயுள் நாலில் ஒன்றாகச் சுருங்கும். நூற்றுக்கு 13க்கு மேற்படாத ஈரத்துக்கு உலர்த்திய நல்ல விதையும் தகரக் கொட்டிலில் சூடேறியும் சொட்டுநீரில் நனைந்தும் முளைதிறன் இழக்கும். அவ்விழப்பு கண்ணுக்குத் தெரியாது. மணிகள் பொன்னிறமாகவே இருக்கும். நாற்றுமேடையிலேதான் குறை வெளிப்படும். அப்பொழுது மழையும் தொடங்கியிருக்கும்; வேறு விதை தேட நாளும் இராது. ஒரு கொட்டிலின் விலையைவிட ஒரு போகத்தின் விலை பெரிது.

ஆகவே விதைநெல், காற்றோட்டமும் நிழலும் உடைய வீட்டினுள், நிலத்தினின்று உயர்த்திய பலகைத் தட்டின்மேல் இருத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கமக்காரர் விதை வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக் காற்றுப்படத் தூக்கிவைக்கும் வழக்கம் அறிவுக்கு ஒத்ததே. அதனைக் கைவிட்டுத் தகரத்துள் அடைத்தல் கூடாது. விதை உருளைக்கிழங்குக்கும் இதுவே பொருந்தும்.

பசளையும் நஞ்சும்

பசளையைக் கொட்டிலில் வைக்கலாம். ஆனால் தகட்டின்மேல் அது சாய்ந்திருத்தலாகாது. நாகமுலாம் தன்னை மெல்லமெல்லக் கரைத்து இரும்பைக் காக்கின்றது. அமோனியம் சல்பேற்று, மியூறியேற்றுப் பொற்றாசு முதலிய உப்புகள் ஈரத்தோடு சேர்ந்து அம்முலாமை விரைவில் அரித்துவிடும். மூட்டைகளைத் தரையிலிருந்து நான்கு அங்குலமேனும் உயர்த்திய பலகைமேலும், சுவரிலிருந்து ஓர் அடி விலக்கியும் அடுக்குதல் வேண்டும். சிந்திய பசளையை உடனே கூட்டி அள்ளல் வேண்டும். மரக்கறிச் செய்கையாளர் போடோக் கலவைக்கு வைத்திருக்கும் துரிசு இரும்பையும் நாகத்தையும் மிக விரைவாக அரிக்கும். அது பிளாஸ்ரிக்குப் பாத்திரத்திலேயே இருத்தல் வேண்டும். கடற்கரையை அண்டிய தோட்டங்களில் உப்புக் காற்றும் முலாமைக் குறைக்குமாதலால், ஆண்டுக்கு ஒருமுறை சுவரை நன்னீரால் கழுவி, கீறல்களுக்கு நாகப்பூச்சு இடல் பயன்தரும்.

பூச்சிநாசினிகளும் களைநாசினிகளும் தம் சொந்தப் போத்தல்களில், சுட்டுத்துண்டோடு, கொட்டிலுக்குள்ளேயே தனியாகப் பூட்டிய பெட்டியில் இருத்தல் வேண்டும். உணவுப் பொருளையோ கால்நடைத் தீனியையோ அவற்றோடு ஒரே கொட்டிலில் வைத்தலாகாது. சுவரின் மேற்பகுதியில் எதிரெதிரே இரு காற்றுத்துளைகள் அமைத்து நெருக்கமான கம்பிவலை இட்டால் வெப்பமும் நச்சாவியும் நீங்கும், எலியும் புகாது. இடிமின்னல் வேளையில் திறந்த வெளியில் தனித்து நிற்கும் இக்கொட்டிலுக்குள் ஒதுங்குதல் தகாது. வீட்டுக்குத் திரும்புதலே தக்கது.

கிடுகுக் கொட்டில் போதாதா?

இவ்வளவு கவனம் வேண்டுமாயின், கிடுகாலோ பனையோலையாலோ வேய்ந்த பழைய கொட்டிலே போதாதா எனக் கேட்பார் உண்டு. கேள்வி நியாயமானது. ஓலைக் கொட்டில் குளிர்ச்சியானது. கையிலுள்ள பொருளால் ஆனது. வட கிழக்கில் 2016ஆம் ஆண்டளவில் இரும்புப் பொருத்து வீடுகள் பற்றி எழுந்த விவாதத்தில், வெப்பம், துரு, காற்றோட்டம், அத்திவாரம் என்பன பற்றிய ஐயங்கள் முன்வைக்கப்பட்டன. குடியிருக்கும் வீட்டுக்கு அவ்வையங்கள் பாரியன. மனிதர் தங்காத கருவிக் கொட்டிலுக்கு அவற்றுட் சிலவற்றின் பாரம் குறைவு; ஆயின் அத்திவாரமும் துருவும் இங்கும் அதே அளவு முக்கியமாம்.

ஓலைக் கொட்டிலை ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை வேய்தல் வேண்டும். கறையானும் எலியும் தீயும் அதற்குப் பகை. பூட்டி வைத்தலும் அரிது. பம்பியும் தெளிகருவியும் விலையேறிய இந்நாளில் பூட்டுக்கு ஒரு பெறுமதி உண்டு. குத்தகைக் காணியிற் பயிரிடுவோர்க்கு மற்றுமொரு நன்மையும் உளது. கல்வீட்டை விட்டுச் செல்ல நேரும். பொருத்துக் கொட்டிலைக் கழற்றி அடுத்த காணிக்குக் கொண்டு செல்லலாம். ஆதலால் ஓடும் இயந்திரம் வைத்திருப்போர் இதனை நாடுதல் பொருத்தமே. மண்வெட்டியும் கத்தியும் மட்டும் உடையவர்க்கு ஓலைக் கொட்டிலே போதும். அவர் கடன்பட்டுத் தகரம் வாங்க வேண்டியதில்லை.

வாங்க எண்ணுவோர் கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் நான்கு செலவுகளை எழுதுதல் வேண்டும்: கொட்டிலின் விலை, தளத்துக்குரிய சீமெந்து, மணல், கல், பிணைப்பாணிகள், உதவி ஆட்களின் கூலி. அத்தொகை கைக்கு மிஞ்சுமாயின், பெரிய கொட்டிலைக் கைவிட்டுச் சிறியதை வாங்கி, தளத்தை முழுமையாக இடுதலே அறிவுடைமை. அயலவர் சிலர் கூடித் தத்தம் தோட்டங்களில் முறைவைத்து ஒருவருக்கொருவர் கைகொடுத்துப் பொருத்தினால் கூலியும் குறையும். முதற்கொட்டிலில் கற்ற பழக்கம் அடுத்ததற்கும் உதவும். இடமும் காற்றும் பற்றிய ஐயங்களைத் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுத் தெளிந்து, பெரும்போக மழைக்கு முன்னரே தளத்தை முடித்தல் கமக்காரர் கடமையாகும்.